கீழே கத்தும் ஃபோர் ஸ்ட்ரோக் மேலே போனதும் ஏன் நிற்கிறது?

கேட்டவர் புதுச்சேரி பக்கத்துப் பாகூர்த் தம்பி ஒருவர். பெங்களூரில் ஒருவரிடம் மாடல் விமானத்துக்கான 70 அளவு (0.70 கன அங்குலம்) ஃபோர் ஸ்ட்ரோக் குளோ எஞ்சின் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். விற்றவர் அங்கே ஓட்டிக் காட்டியபோது மணி மாதிரி ஓடியதாம். இங்கே தரையில் ஃபுல் த்ராட்டிலில் நன்றாகவே கத்துகிறது. விமானத்தை ஏற்றினால் அரை நிமிடத்தில் சத்தம் தேய்ந்து நின்றுவிடுகிறது. போன வாரம் ‘டக்’ என்று ஓர் அடி அடித்து, நட்டோடு புரொப்பெல்லரே கழன்று வரப்பில் போய் விழுந்திருக்கிறது. “அண்ணே, நீடிலை எத்தனை சுற்று திறக்கணும்?” என்கிறார்.

நீடில் என்பது எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு. சுற்றுக் கணக்குதான் வேண்டுமென்றால் இரண்டரை. முழுக்க மூடியதிலிருந்து ஏறக்குறைய இரண்டரை சுற்று திறந்தால் இந்த அளவு எஞ்சின்கள் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஆனால் தம்பி, அந்த இரண்டரையை வைத்துக்கொண்டு உங்கள் பிரச்சினையில் ஒன்றும் ஆகப்போவதில்லை. நீடில் கடைசியாகத் தொட வேண்டிய சமாச்சாரம். நீங்கள் முதலில் அதைத் தொட்டிருக்கிறீர்கள், அதுவும் காதை நம்பித் தொட்டிருக்கிறீர்கள். புரொப் கழன்றதே அதற்குச் சாட்சி.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வாயைத் திறந்து சொல்லிவிடும். எரிபொருள் அதிகமாகப் போனால், அதாவது ரிச்சாக இருந்தால், ஒன்று விட்டு ஒன்று வெடித்து அடித்தொண்டையில் உறுமும். நீடிலை மூட மூட ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று கீச்சென மாறும். அந்த மாற்றத்தைப் பிடித்து, அதிலிருந்து கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்தினால் வேலை முடிந்தது. அந்தப் பழக்கத்தோடு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இதில் அந்தச் சத்தமாற்றமே கிடையாது. 10,000 சுற்றில் ஓடும்போதும் நிமிடத்துக்கு 5,000 முறைதான் வெடிக்கிறது. ரிச்சாக இருந்தாலும், சரியாக இருந்தாலும், லீனாக, அதாவது எரிபொருள் குறைவாக, இருந்தாலும் ஏறக்குறைய அதே கனத்த குரல்தான். உச்ச வேகம் என்பது கூர்மையான மலைமுகடாக இல்லாமல் மேசை மாதிரி தட்டையாக இருக்கும். அந்த மேசையின் எந்த ஓரத்தில் நிற்கிறோம் என்று காதுக்குத் தெரியாது. லீன் பக்கத்து ஓரத்துக்குக் கீழே பள்ளம்தான்.

அந்தப் பள்ளம் என்ன என்று புரிய, குளோ பிளக் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் 1947-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மாடல் விமானங்கள் காயில், கண்டென்சர், பேட்டரி என்ற சுமையிலிருந்து தப்பின. உள்ளே இருக்கும் சுருள் பிளாட்டினம் கலந்த கம்பி. மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டால் அங்கேயே வினை நடந்து சூடு பிறக்கும். தொடக்கத்தில் ஒன்றரை வோல்ட் கொடுத்துச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் ஒவ்வொரு வெடிப்பின் சூடும் அடுத்த வெடிப்பு வரை கம்பியைக் கனலாக வைத்திருக்கும். பைக்கில் இருப்பது போல ‘இப்போது பொறி விடு’ என்று சொல்ல இங்கே யாரும் இல்லை. எப்போது பற்றும் என்பதைக் கலவையும் அழுத்தமும் பிளக்கின் சூடும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கலவை லீனானால் உள்ளே சூடு ஏறும், பற்றுவதும் முந்தும். பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடித்தால் அந்த அடி புரொப்பைப் பின்பக்கம் தள்ளும். முன்னால் சுற்றிக்கொண்டிருக்கும் கனமான புரொப்பை ஒரு கணம் பின்னால் உதைத்தால் நட் தளராமல் என்ன செய்யும்?

ஆகவே புரொப் கழன்றதற்கு நட்டை இன்னும் இறுக்குவது மட்டும் மருந்தல்ல. இறுக்குங்கள், கூடவே இரட்டை நட் போடுங்கள். இந்த எஞ்சின்களுக்கு லாக் நட் தனியாகவே வரும், பழையது வாங்கும்போது அது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். ஆனால் காரணம் லீன் ஓட்டம். 52 அளவு எஞ்சின் ஒன்றை நானும் காதை வைத்தே டியூன் செய்து, தென்பெண்ணைக் கரையில் புரொப்பைப் பறக்கவிட்டிருக்கிறேன். அது என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அன்றிலிருந்து நீடிலைத் திருப்பும்போது புரொப்பின் பின்னால்தான் நிற்கிறேன். முன்னாலும் இல்லை, பக்கவாட்டிலும் இல்லை.

இனி வரிசையாகப் போவோம். முதலில் பழைய எஞ்சின் என்பதால் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி.

பெங்களூரில் ஓட்டிக் காட்டினார் என்கிறீர்கள், சரி. எஞ்சின் தலைமேல் இருக்கும் ராக்கர் கவரைத் திறந்து பார்த்தீர்களா? ஜப்பானின் ஓ.எஸ். கம்பெனி 1976-ல் எஃப்.எஸ்.-60 கொண்டுவந்த காலத்திலிருந்து இன்று வரை இந்த வகை எஞ்சின்களின் தலை அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். கீழே கேம், அதிலிருந்து இரண்டு புஷ் ராடு, மேலே இரண்டு ராக்கர், ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ, ஒரு லாக் நட். வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, 0.04-லிருந்து 0.10 மில்லிமீட்டர். ஓ.எஸ். தருகிற அளவு இது. சைட்டோ கம்பெனியும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். நம் மெக்கானிக் கடைகளில் கிடைக்கும் ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் தகட்டுக் கட்டு) மிக மெல்லிய இதழ் பெரும்பாலும் 0.05. அது நுழைய வேண்டும், 0.10 இதழ் நுழையக் கூடாது அல்லது பிடித்துக்கொண்டு நுழைய வேண்டும். அவ்வளவுதான் தேவை.

‘ஆறியிருக்கும்போது’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிலிண்டரும் தலையும் அலுமினியம், புஷ் ராடு எஃகு. சூடானால் அலுமினியம் அதிகம் நீளும், எஃகு குறைவாக நீளும். ஆகவே ஓடும்போது இடைவெளி கூடும். சூட்டோடு 0.05 வைத்துவிட்டால், ஆறியபின் இடைவெளியே இல்லாமல் வால்வு இலேசாகத் திறந்தபடி நிற்கும். அழுத்தம் வராது, ஸ்டார்ட் ஆகாது, ‘பிஸ்டன் ரிங் போச்சு’ என்று எஞ்சினைக் கழற்ற ஆரம்பிப்பீர்கள். பழைய புல்லட்டில் வேலை பார்த்த மெக்கானிக் யாராவது பக்கத்தில் இருந்தால் அவரையே கூப்பிடலாம். புஷ் ராடை விரலால் உருட்டிப் பார்த்து, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் வைக்கும் அந்தக் கைப்பழக்கம் இங்கேயும் உதவும். ஸ்க்ரூ மட்டும் கடுகளவு என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிஸ்டன் மேலே இருந்தால் மட்டும் போதாது, அழுத்தும் ஸ்ட்ரோக்கில் மேலே இருக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் வழுக்குவது இங்கேதான். நாலு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு முறை மேலே வருகிறது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி: மேலே கொண்டுவந்து நிறுத்தி, புரொப்பை இரண்டு பக்கமும் கொஞ்சமாக ஆட்டிப் பாருங்கள். ராக்கர் இரண்டும் அசைந்தால் தப்பான இடம், இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். இரண்டும் அசையாமல் சும்மா இருந்தால் சரியான இடம். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பும்; இறுக்கிய பிறகு இதழை மறுபடி விட்டுப் பார்க்காமல் கவரை மூடாதீர்கள்.

கவரைத் திறந்தபோது உள்ளே பழுப்பாக அரக்கு மாதிரி படிந்திருந்தால், முந்தைய சொந்தக்காரர் விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள் ஓட்டி, வருஷக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்தார் என்று அர்த்தம். பயப்பட ஒன்றுமில்லை. ஹேர் டிரையரால் சூடுபடுத்தினால் இளகும். எஞ்சின் இறுகியிருக்கும்போது ஸ்டார்ட்டர் வைத்துப் பலவந்தமாகச் சுற்றாதீர்கள், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கையால் சுற்றும்போது ‘கரகர’ என்று மணல் அரைப்பது போலத் தெரிந்தால் அது வேறு கதை. பின்பக்கப் பேரிங் துருப்பிடித்திருக்கிறது. மாற்றாமல் வேறு எதையும் டியூன் செய்து பயனில்லை.

அடுத்து டேங்க். தரையில் ஓடி வானத்தில் நிற்கிறது என்றால் என் சந்தேகத்தில் பாதி எப்போதும் இங்கேதான். டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டரின் நீடில் மட்டத்திலோ, அதற்கு ஒரு சென்டிமீட்டருக்குள் கீழேயோ இருக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கார்புரேட்டர் சிலிண்டருக்குப் பின்னால், தாழ்வாகத் தொங்கும். டூ ஸ்ட்ரோக்குக்கு வெட்டிய அறையில் டேங்கை அப்படியே வைத்து இந்த எஞ்சினை மாட்டினால் டேங்க் உயரத்தில் உட்கார்ந்துகொள்ளும். நிரம்பிய டேங்கில் ரிச்சாகவும் காலியாகும்போது லீனாகவும் ஓடும். சைலன்சரிலிருந்து டேங்குக்கு அழுத்தக் குழாய் கட்டாயம் போடுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் இந்த எஞ்சின் உறிஞ்சுகிறது, அதன் இழுவையை மட்டும் நம்ப முடியாது. டேங்கைச் சுற்றி ஸ்பாஞ்ச் இல்லையென்றால் அதிர்வில் எரிபொருள் மோர் கடைந்தது போல நுரைத்துக் குழாயில் குமிழி குமிழியாக வரும். சிலிக்கான் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் இதே கதைதான். குழாய் விலை ஒன்றுமில்லை, புதிதாகவே போட்டுவிடுங்கள். டேங்குக்குள்ளே இருக்கும் குழாயும் சேர்த்துத்தான், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பிளக் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு உரியதாக இருக்கட்டும். ஓ.எஸ். ‘எஃப்’ என்று வருவது இதற்காகவே செய்தது. டூ ஸ்ட்ரோக்கைவிட இங்கே வெடிப்புக்கும் வெடிப்புக்கும் இடைவெளி இரட்டிப்பு; அவ்வளவு நேரமும் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் பிளக் வேண்டும். பேட்டரியைக் கழற்றியதும் சுற்று சட்டென்று இறங்கினால் பிளக் சோர்ந்துவிட்டது அல்லது கலவை மிகவும் ரிச். கழற்றிப் பார்க்கும்போது கம்பி பளபளவென்று இருந்தால் நல்லது. பனி படர்ந்தது போல வெளிறி, நெளிந்து இருந்தால் லீனாக ஓடி வெந்துபோயிருக்கிறது. உங்கள் பிளக் கட்டாயம் அப்படித்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். மாற்றுங்கள்.

எரிபொருள் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் இது வெறும் எரிபொருள் விஷயமாக இல்லை. குளோ எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் வந்து உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான். உரிமம் இல்லாமல் வாங்கவும் வைத்திருக்கவும் கூடாத பொருள் அது. ‘நானே கலந்துகொள்கிறேன், மிச்சம்தானே’ என்று கேன் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். கலந்து, சீல் வைத்து, பில்லோடு வருவதை வாங்குங்கள். அதைப் பஸ்ஸில் பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள். டேங்கிலிருந்து எடுக்கக் குழாயை வாயால் உறிஞ்சவே உறிஞ்சாதீர்கள்; பெட்ரோல் எடுக்கும் பழக்கத்தில் கை தானாகக் குழாயை வாய்க்குக் கொண்டுபோகும், சின்ன மடக்கு உள்ளே போனாலும் கண் பார்வை போய்விடலாம். பற்றிக்கொண்டால் வெயிலில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கலவையில் நைட்ரோமீத்தேன் 10-லிருந்து 15 சதவீதம் போதும். இருக்கிற டப்பாவில் 5-தான் என்றாலும் ஓடும், ஐடிலிங் மட்டும் கொஞ்சம் சண்டித்தனம் செய்யும். எண்ணெய் 18, 20 சதவீதத்துக்குக் குறையாமல், அதில் ஒரு பங்கு விளக்கெண்ணெய் இருந்தால் லீனாகப் போகும் கெட்ட நேரத்தில் காப்பாற்றும். அதற்காகக் கோயில் வாசலில் விற்கும் விளக்கெண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். அது பசை நீக்கியதல்ல. டப்பா வாங்கியபின் மூடி எப்போதும் இறுக்கமாக இருக்கட்டும். மெத்தனால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும், நம் ஊர்க் காற்றில் தண்ணீருக்குப் பஞ்சமா என்ன. மழைக்காலம் முழுக்க பாதி டப்பாவாகத் திறந்து மூடிய எரிபொருளை வைத்து தை மாதம் டியூன் செய்து, ‘நேற்று இருந்தது இன்று இல்லை’ என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

இப்போது நீடில். சுற்று எண்ணும் கருவியான டேக்கோமீட்டர் ஒன்று இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். காதே போதும் என்பது ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை மாதிரி. நமக்குத்தான் நெல்லிக்குப்பத்திலேயே ஆலை இருக்கிறதே, ஏன் இலுப்பைப்பூ? விலை மலிவான ஒளி டேக்கோ போதும். அது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்: சோக்கு வைத்த பழைய டியூப் லைட்டைப் பார்த்து, இரண்டு இலைப் புரொப் என்று வைத்துப் பிடியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும், ஆகவே டேக்கோ சரியாக 3,000 காட்ட வேண்டும். அதனால்தான் எரிகிற டியூப் லைட்டின் கீழ் எஞ்சினை அளந்தால் குழப்பமான எண் வருகிறது.

எஞ்சினைக் கையால் ஒருமுறை முழுக்கச் சுற்றி, உள்ளே எரிபொருள் தேங்கி முட்டவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் ஸ்டார்ட்டர் வைக்க வேண்டும். கார்புரேட்டர் வாயை விரலால் மூடி இரண்டு சுற்று உறிஞ்சவிட்டால் போதும், அதற்கு மேல் வேண்டாம். விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கடலூர் சில்வர் பீச் மணலில் வைத்து ஸ்டார்ட் செய்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். புரொப் மணலை வாரி நேராகக் கார்புரேட்டருக்குத் தரும். ஒரு பலகையாவது போடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிடம் பாதி த்ராட்டிலில் சூடேறட்டும். பிறகு முழு த்ராட்டில். நீடிலைத் திருப்பும்போது ஒவ்வொரு பல்லிலும் ‘கிளிக்’ என்று நிற்கும்; ஒரு கிளிக், இரண்டு கிளிக் என்று மூடிவிட்டு, ஐந்து நொடி காத்திருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் நிதானக்காரன், உடனே பதில் சொல்ல மாட்டான். பொறுமையில்லாமல் அடுத்தடுத்துத் திருப்பினால் உச்சத்தைத் தாண்டிப் போனதே தெரியாது. 12×8 அல்லது 13×6 புரொப்பில் (முதல் எண் விட்டம், அடுத்தது பிட்ச், இரண்டும் அங்குலத்தில்) 70 எஞ்சின் 9,000-லிருந்து 10,500-க்குள் எங்காவது உச்சம் காட்டும். உங்களுடையது 10,100-ல் நின்று அதற்கு மேல் ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு நொடியும் வைக்காமல், 9,800 ஆகும் வரை திறந்துவிடுங்கள். உச்சத்திலிருந்து 200, 300 சுற்று குறைவாக, ரிச் பக்கம். மனசு கேட்காது, ‘பவர் போகுதே’ என்று தோன்றும். வானத்தில் அந்த 300-ம் திரும்ப வந்துவிடும், ஏனென்றால் விமானம் ஓட ஆரம்பித்ததும் புரொப்பின் பாரம் குறைந்து சுற்று தானாக ஏறும். சுற்று ஏறினால் எரிபொருளும் அதிகம் கேட்கும். தரையில் உச்சத்தில் வைத்த எஞ்சின் மேலே போய்ப் பசியில் நிற்பது இதனால்தான்.

இதற்குப் பிறகு மூக்கைத் தூக்கிப் பாருங்கள். முழு த்ராட்டிலில், விமானத்தின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பத்து நொடி பிடியுங்கள். இப்போது கார்புரேட்டர் மேலே, டேங்க் கீழே. எரிபொருள் ஏணி ஏற வேண்டும், கலவை லீன் பக்கம் நகரும். ரிச்சாக வைத்திருந்தால் சுற்று கொஞ்சம் ஏறி நிலைக்கும். சரியான அடையாளம் அதுதான். ஏறாமல் தொய்ந்தால் இரண்டு மூன்று கிளிக் திறந்து மறுபடி பாருங்கள். இந்தப் பத்து நொடியை மட்டும் செய்திருந்தால் உங்கள் எஞ்சின் வானத்தில் நின்றிருக்காது. சத்தத்தையும் கவனியுங்கள்: எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போலக் கனத்த குரலுக்கு நடுவே சடசடவென்று கேட்டால் அது முன்வெடிப்பு. காது உதவும் ஒரே இடம் இது. கேட்ட அந்தக் கணமே த்ராட்டிலை இறக்கிவிடுங்கள்.

மேல் நீடில் சரியான பிறகே கீழ் நீடில், அதாவது ஐடிலிங் ஸ்க்ரூ. 2,300, 2,500 சுற்றில் நிதானமாக ஓடவிட்டு, எரிபொருள் குழாயை விரலால் நசுக்குங்கள். உடனே நின்றால் லீன். சுற்று தாராளமாக ஏறி, ஏறிய பிறகு நின்றால் ரிச். இரண்டு மூன்று நொடி அப்படியே ஓடி, லேசாக ஏறி, பிறகு அடங்கினால் அது போதும். அரை நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டுச் சட்டென்று த்ராட்டிலைக் கொடுத்துப் பாருங்கள். புகை கக்கி, தொண்டை கட்டியது போல இழுத்து ஏறினால் ரிச், சத்தமே இல்லாமல் பட்டென்று அணைந்தால் லீன். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். சில பழைய, சின்ன எஞ்சின்களில் ஸ்க்ரூவுக்குப் பதில் காற்றுத் துளை இருக்கும். அதில் கணக்கு தலைகீழ். திறந்தால் காற்று போகும், லீனாகும். உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள், முன்பக்கம் சின்னத் துளை தெரிந்தால் காற்றுத் துளை வகை. கீழே மாற்றினால் மேலேயும் ஒரு பொட்டு மாறும், ஆகவே டேக்கோவை மறுபடி ஒருமுறை பிடித்துவிடுங்கள்.

பெங்களூர் விஷயத்துக்கு வருகிறேன். விற்றவர் ஏமாற்றவில்லை. அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் நம்மைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அந்த மெல்லிய காற்றுக்குச் சரியாக மூடிய நீடிலை, பாகூரின் கனத்த காற்றில் அப்படியே ஓட்டினால் காற்று அதிகம், எரிபொருள் பழைய அளவு, லீன். நீங்கள் அதற்கு மேலும் காதை நம்பி மூடியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து அடித்ததுதான் அந்த ‘டக்’.

ஊர் விட்டு ஊர் போகாவிட்டாலும் நம்மிடமே காற்று மாறிக்கொண்டுதான் இருக்கிறது. மார்கழி விடியற்காலை 22 டிகிரியில் இருக்கும் காற்றைவிடக் கத்திரி வெயில் மதியத்தின் 38 டிகிரிக் காற்று ஐந்து சதவீதம் இலேசு. அதோடு ஈரம். 35 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், உறிஞ்சும் காற்றில் ஏறக்குறைய நான்கு சதவீதம் வெறும் நீராவி, எரிக்க உதவாதது. ஆகவே விடியற்காலையில் வைத்த நீடில் மதியத்தில் ரிச்சாகத் தெரியும். மதியத்தில் வைத்தது அடுத்த நாள் விடியற்காலையில் லீனாகும். இரண்டாவதுதான் ஆபத்து. ஞாயிறு மதியம் புழுக்கத்தில் அருமையாக டியூன் செய்துவிட்டு, அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீடிலைத் தொடாமல் ஏற்றினால் முதல் பறப்பிலேயே நிற்கும். என் பழக்கம், காலையில் மைதானத்துக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று கிளிக் திறந்துவிட்டுத்தான் ஸ்டார்ட்டரையே எடுப்பேன். பிறகு டேக்கோ சொன்னால் மூடலாம். மூடுவதற்கு அவசரமே இல்லை.

பறக்கவிடுவதற்கு முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் வயல் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது, 2021 டிரோன் விதிகள் பொழுதுபோக்கு மாடல்களுக்கும் பொருந்தும்.

கடைசியாக, மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது செய்ய வேண்டியது. பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை, அதனால்தான் பழைய எஞ்சின் சந்தையில் பேரிங் போன எஞ்சின்களே நிறைய. ஃபோர் ஸ்ட்ரோக்கில் எரியாத எரிபொருளும் எரிந்த புகையும் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள், அதாவது எஞ்சினின் அடி அறைக்குள், இறங்கித் தேங்கும். நைட்ரோ எரிந்த மிச்சம் அமிலத்தன்மை உள்ளது, மெத்தனால் தண்ணீரை இழுப்பது. இரண்டும் சேர்ந்து எஃகுப் பேரிங்கின் மேல் ஒரு வாரம் உட்கார்ந்தால் துருதான். கடலோரத்தில் ஒரு வாரம்கூட வேண்டாம். கடைசிப் பறப்பு முடிந்ததும் ஐடிலில் ஓடும்போதே குழாயைப் பிடுங்கி, உள்ளே இருப்பதை எரித்து முடித்துவிடுங்கள். நின்ற எஞ்சினைப் பிளக்குக்குப் பேட்டரி கொடுத்து இன்னொருமுறை கிளப்பிப் பாருங்கள். உண்மையிலேயே காலி என்றால் கிளம்பாது. பிறகு ஆஃப்டர் ரன் எண்ணெயில் (ஓட்டி முடித்தபின் துருப்பிடிக்காமல் இருக்க விடும் எண்ணெய்) சில சொட்டு கார்புரேட்டரில், சில சொட்டு பின்னால் இருக்கும் பிரீதர் குழாய் வழியாக கிராங்க் கேஸுக்குள். பிரீதர் வழியாக விடுவதுதான் முக்கியம், பேரிங்குக்குப் போய்ச் சேரும் வழி அதுதான். புரொப்பைக் கையால் பத்துச் சுற்று சுற்றி, பிஸ்டனை அழுத்தும் ஸ்ட்ரோக்கின் மேலே நிறுத்தி வையுங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது.

இந்த ஞாயிறு டேப்பட், டேங்க், குழாய், பிளக் நான்கையும் மட்டும் முடியுங்கள். நீடிலை மூன்று சுற்றில் திறந்துவைத்து, தரையிலேயே ஒரு டேங்க் முழுக்க ஓட்டி, உச்சம் எவ்வளவு, எத்தனை கிளிக் திறந்து எவ்வளவுக்கு இறக்கினீர்கள், மூக்கைத் தூக்கியபோது டேக்கோ என்ன காட்டியது என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். ஏற்ற வேண்டாம். அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.